அசையும் கருங்கல்

2021 நவம்பரில் வேலூருக்கு அடுத்தடுத்து இரண்டு சோதனைகள் வந்தன. வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்ததில் கோட்டை அகழி நிரம்பி, உள்ளே இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் தண்ணீர் புகுந்தது. பிரகாரம் குளமானது. மோட்டார் வைத்து இறைத்தும் உடனே வடியவில்லை. அந்த ஈரம் காய்வதற்குள், நவம்பர் 29 அதிகாலை 4.17 மணிக்கு நிலம் அதிர்ந்தது. ரிக்டர் அளவில் 3.6; வேலூருக்கு மேற்கு-தென்மேற்கே 59 கிலோமீட்டரில் மையம் என்று தேசிய நிலநடுக்கவியல் மையம் அறிவித்தது. டிசம்பரிலும் பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் அதிர்வுகள் தொடர்ந்தன. பாத்திரங்கள் உருண்ட சத்தத்தில் எழுந்த மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள்.

இரண்டுமே கோட்டைக்குப் பெரிய சேதம் இல்லாமல் கடந்துபோயின. ஆனால் ஒரு பொறியாளர் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பார்: கோட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எதை வைத்துச் சொல்கிறோம்? கண்ணால் பார்த்துச் சொன்னால் போதாது. ஒரு தூண் இரண்டு மில்லிமீட்டர் சாய்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு விரிசல் நேற்று வந்ததா, நாயக்கர் காலத்திலேயே வந்ததா என்பதும் பார்த்த மாத்திரத்தில் தெரியாது. இன்று எங்கே இருக்கிறது என்று சொல்லக் கருவி போதும். எவ்வளவு நகர்ந்தது என்று சொல்ல, முன்பு எங்கே இருந்தது என்ற குறிப்பும் வேண்டும்.

பழங்காலக் கட்டடங்களைப் பாதுகாக்கும் அறிவியலின் அடித்தளம் இதுதான். பழுது பார்ப்பது பிறகு வரும் வேலை. முதல் வேலை அளப்பது. அதையும் நீண்ட காலம், விடாமல் அளப்பது.

மதிலின் முதுகில் தண்ணீர்

வேலூர்க் கோட்டை 16ஆம் நூற்றாண்டின் நடுவில், விஜயநகரப் பேரரசுக்குக் கட்டுப்பட்டிருந்த சின்ன பொம்மி நாயக்கர் காலத்தில் எழுந்தது. பரப்பு 133 ஏக்கர். பிஜப்பூர் சுல்தான்கள், மராட்டியர்கள், நவாபுகள், ஆங்கிலேயர்கள் என்று பல கைகள் மாறியது. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியும் இந்த மதில்களுக்குள்தான் நடந்தது. இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

வரலாற்றாசிரியர் இதைக் கோட்டையாகப் பார்ப்பார். கட்டடப் பொறியாளருக்கு இது முதலில் ஒரு தாங்குசுவர். வெளியே கருங்கல் முகப்பு, அதன் பின்னால் மண்ணும் கல்லும் கலந்த நிரப்பு, காலடியில் அகழி. பின்னால் இருக்கும் மண் சுவரை எப்போதும் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. சுவர் தன் எடையால் அதைத் தடுத்து நிற்கிறது. இந்த இழுபறி நூற்றாண்டுகளாக ஒரு சமநிலையில் நடக்கிறது.

சமநிலையைக் கெடுக்க வல்லது தண்ணீர். நனைந்த மண்ணுக்கு எடை அதிகம், பிடிமானம் குறைவு. அதோடு மண்ணின் இடுக்குகளில் தேங்கும் நீர் தனியாகவும் தள்ளும். ஆச்சரியம் என்னவென்றால், அகழி நிரம்பி நிற்கும்போது சுவருக்கு ஆபத்து பெரும்பாலும் குறைவு. அகழி நீர் வெளியிலிருந்து சுவரைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆபத்து, நீர் மட்டம் வேகமாக இறங்கும்போது வருகிறது. அகழித் தண்ணீர் சில நாட்களில் வடிந்துவிடலாம். சுவருக்குப் பின்னால் மண்ணில் ஊறிய தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது. உள்ளே நீர் மட்டம் வெளியே இருப்பதைவிட 2 மீட்டர் உயரமாக நின்றுவிட்டால், அந்த ஆழத்தில் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறக்குறைய 2 டன் கூடுதல் அழுத்தம் வெளிப்பக்கம் விழும். ஏரிக்கரைகளும் அணைக்கரைகளும் திடீரென நீர் இறங்கும்போது சரிவதற்குக் காரணம் இதுவே.

ஆகவே அகழியைத் தூர்வாருவதும் தண்ணீரை வெளியேற்றுவதும் வெறும் துப்புரவு வேலையல்ல. சுவரின் சுமையை மாற்றும் வேலை. ஒரு வாரத்தில் இறைக்க முடியும் என்பதற்காக ஒரு வாரத்தில் இறைத்துவிடக் கூடாது. சுவரின் அடியை ஒட்டிச் சேறு அள்ளும்போது, அந்தச் சேறே அடிக்கல்லுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்ததா என்றும் பார்க்க வேண்டும். சூரியகுண்டம் நீர்நிலையிலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியாக அகழிக்குத் தண்ணீர் வந்ததாகச் சொல்வார்கள். நீர் வரும் வழியையும் மிகைநீர் போகும் வழியையும் சேர்த்தே திட்டமிட்ட அமைப்பு இது. அதில் ஒரு வாய்க்கால் அடைபட்டால் கோயிலுக்குள் தண்ணீர் நிற்பது வியப்பல்ல.

இதைக் கண்காணிக்கச் செலவு அதிகமில்லை. சுவருக்குப் பின்னால் மெல்லிய துளை போட்டு, அடியில் ஓட்டைகள் இட்ட குழாயை இறக்கி, அதற்குள் நிற்கும் நீரின் மட்டத்தை நாடாவால் அளக்கலாம். அகழியில் ஓர் அளவுகோல் நட்டு அதன் மட்டத்தையும் அதே நாளில் குறிக்கலாம். இரண்டு எண்களின் வித்தியாசம் சுவரின் முதுகில் இருக்கும் கூடுதல் சுமையைச் சொல்லிவிடும்.

மூன்று மீட்டர் உத்திரத்தின் கணக்கு

ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தவர்கள் முதலில் பார்ப்பது தூண்களைத்தான். முன்னங்கால் தூக்கிய குதிரைகள், அவற்றின் மேல் வீரர்கள், யாளிகள், எல்லாம் ஒற்றைக் கல்லில் செதுக்கியவை. கலை பார்ப்பவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். கட்டடம் பார்ப்பவர்கள் இன்னும் கொஞ்சம் அண்ணாந்து பார்க்க வேண்டும். தூணின் தலையில் போதிகை, போதிகையின் மேல் உத்திரம், உத்திரத்தின் மேல் பாவுகல். நம் மண்டபங்களில் கல்லின் மேல் கல் வெறும் எடையால் உட்கார்ந்திருக்கிறது. இந்த அமைப்பின் பலமும் பலவீனமும் அந்த உத்திரத்தில் இருக்கிறது.

கருங்கல்லை அமுக்கினால் மலைபோல் தாங்கும். இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்காது. இரண்டு தூண்களுக்கு நடுவே படுத்திருக்கும் உத்திரம் தன் எடையில் மிகச் சிறிதளவு வளைகிறது. அப்போது மேல்பக்கம் அமுங்குகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. 3 மீட்டர் இடைவெளி, 40 சென்டிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டால், உத்திரத்தின் சொந்த எடையால் அடிப்பக்கத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4.5 கிலோ இழுவிசை வரும். நல்ல கருங்கல் வளைவில் 100 கிலோ அளவுக்குத் தாங்கும் என்பதால் இது ஒன்றுமேயில்லை. ஆனால் இடைவெளியை 6 மீட்டராக்கினால் இழுவிசை இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகிவிடும். நம் மண்டபங்களில் தூண்கள் நெருக்கமாக நிற்பதற்கும், போதிகைகள் இருபக்கமும் கை நீட்டி இடைவெளியைக் குறைப்பதற்கும் இதுதான் காரணம். ஸ்தபதிகள் இந்தச் சூத்திரத்தை எழுதி வைக்கவில்லை, விகிதமாகக் கைக்கொண்டார்கள்.

அவர்கள் கணக்கில் சேர்க்காதது ஒன்று உண்டு: பின்னால் வந்தவர்களின் அக்கறை. மழை ஒழுகுகிறது என்று ஒவ்வொரு திருப்பணியிலும் மேல்தளத்தில் சுண்ணாம்புச் சல்லி ஒரு அடுக்கு, தட்டோடு ஒரு அடுக்கு என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். பழையதைப் பெயர்க்காமல் புதியதைப் போடுவது சுலபம். சில நூற்றாண்டுகளில் பாவுகல்லின் மேல் இன்னொரு கூரையே ஏறிவிடும். உத்திரத்தில் விரிசல் கண்டால் கீழே முட்டுக் கொடுப்பதற்கு முன் மேலே தோண்டிப் பார்ப்பது நல்லது.

சரி, உத்திரம் நடுவில் விரிந்தே விட்டது. விழுந்துவிடுமா? பெரும்பாலும் விழாது என்பதுதான் கற்கட்டட அறிவியல் தரும் பெரிய அதிர்ச்சி. இரண்டாக உடைந்த உத்திரத்தின் பாதிகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துகொள்கின்றன. கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு வளைவு உருவாகிவிடுகிறது. வளைவு என்றால் அது இருபக்கமும் உதைக்கும். நாம் எடுத்துக்கொண்ட 3 மீட்டர் உத்திரம் அரை மீட்டர் அகலமாக இருந்தால் அதன் எடை 1.6 டன், உடைந்தபின் அது பக்கவாட்டில் உதைக்கும் விசை ஏறக்குறைய 1.7 டன். இந்த உதையை அடுத்தடுத்த தூண்களும் கற்களும் வாங்கிக்கொள்ளும்வரை உடைந்த உத்திரம் நூறாண்டுகூட நிற்கும். தூண்கள் விலகத் தொடங்கினால் ஒரே நாளில் விழும்.

கண்காணிப்பவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. எல்லோரும் விரிசலைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது தூணின் சாய்வை.

மாதிரி எப்போது பொய் சொல்லும்

கட்டடத்தைச் சின்னதாகச் செய்து பார்த்துப் பெரியதைப் புரிந்துகொள்ளலாமா? கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலிலேயே இதில் இருக்கும் கண்ணியைச் சொல்லிவிட்டார். எல்லாப் பக்கமும் பத்து மடங்கு பெரிதாக்கினால் எடை ஆயிரம் மடங்கு ஏறும், தாங்கும் பரப்போ நூறு மடங்குதான் ஏறும். ஆகவே பத்தில் ஒரு பங்கு அளவில் அதே கல்லால் செய்த மண்டபத்தின் உத்திரத்தில், அசலில் வரும் இழுவிசையில் பத்தில் ஒரு பங்குதான் வரும். மாதிரி உடையவில்லை என்பதை வைத்து அசல் உடையாது என்று சொல்ல முடியாது.

ஆனால் கேள்வி வேறாக இருந்தால் பதிலும் வேறு. கற்கள் நசுங்குமா என்று கேட்காமல், அடுக்கிய அடுக்கு சரியுமா, கவிழுமா என்று கேட்டால், அது வடிவத்தைப் பொறுத்த விஷயம். வடிவம் அளவைப் பார்ப்பதில்லை. மேசைமேல் நிற்கும் கல் வளைவு அதே விகிதத்தில் தெருவிலும் நிற்கும். 1966இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜாக் ஹேமன் இதை முறையான கோட்பாடாக்கினார். கல் இழுவிசை தாங்காது, அமுக்குவிசையில் நசுங்காது, ஒன்றன்மேல் ஒன்று வழுக்காது என்ற மூன்று எளிய அனுமானங்களே போதும். பழைய கற்கட்டடங்களில் பெரும்பாலானவற்றின் நிலைப்பை வடிவக்கணிதத்தாலேயே சோதிக்கலாம் என்று காட்டினார்.

அவருக்கு இரண்டு நூற்றாண்டு முன்பே அந்த வழியில் நடந்தவர் ஒருவர் உண்டு. ரோமில் புனித பேதுரு பேராலயத்தின் மாடத்தில் விரிசல்கள் கண்டபோது, கியோவான்னி பொலேனி என்ற இத்தாலிய அறிஞரிடம் அதை ஆராயும் வேலை வந்தது. அவர் மாடத்தைக் கீற்றுகளாகப் பிரித்து, ஒரு கீற்றின் எடையைப் பங்கிட்டு, அதே விகிதத்தில் குண்டுகளைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டார். தொங்கும் சங்கிலி எடுக்கும் வடிவத்தைத் தலைகீழாக்கினால், கல்லுக்குள் அமுக்குவிசை இறங்கிவரும் பாதை கிடைக்கும். பாதை மாடத்தின் கனத்துக்குள் அடங்கியிருந்தது. ஆகவே மாடம் விழாது. எச்சரிக்கைக்காக 1740களில் இரும்பு வளையங்கள் பூட்டினார்கள். விரிசல் இருக்கிறது, ஆபத்து இல்லை என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல ஒரு சங்கிலி போதுமானதாக இருந்தது.

நிலநடுக்கத்துக்கு வந்தால் மாதிரி இன்னொரு வேடிக்கை காட்டும். அரை மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட தனித் தூண், புவியீர்ப்பில் ஆறில் ஒரு பங்கு முடுக்கம் பக்கவாட்டில் வந்தால் ஒரு விளிம்பில் எழும்பி ஆடத் தொடங்கும். ஆனால் ஆடுவது வேறு, விழுவது வேறு. ஒரே விகிதத்தில் ஒரு சின்னத் தூணும் ஒரு பெரிய தூணும் நின்றால், பெரியதுதான் அதிகம் தாங்கும் என்று அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜ் ஹவுஸ்னர் 1963இல் காட்டினார். பெரிய தூண் ஆடி முடிக்க நேரம் எடுக்கும். அது கவிழும் புள்ளியை எட்டுமுன் நிலம் திசை மாறிவிடும். ஆகவே மேசையில் அதிரவைத்த மாதிரி விழுந்தால் அசலும் விழும் என்று பயப்படத் தேவையில்லை. அளவுக்கேற்பக் காலத்தையும் சுருக்கிக் கணக்கிட வேண்டும். சென்னை தரமணியில் இருக்கும் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில் இப்படி அதிரவைக்கும் மேசைகள் இருக்கின்றன. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் தென்னிந்தியக் கோபுரங்களையும் மண்டபங்களையும் கணினி மாதிரிகளாக்கி, நிலநடுக்கத்தில் அவை எப்படி நடந்துகொள்ளும் என்று ஆராய்ந்திருக்கிறார்கள். இந்திய நிலநடுக்க வரைபடத்தில் வேலூர் நடுத்தர அபாயம் கொண்ட மூன்றாம் மண்டலத்தில் இருப்பதால் இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

கணினி மாதிரிக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்ளே போடும் எண்கள் ஊகமாக இருந்தால் வெளியே வரும் படம் எவ்வளவு வண்ணமாக இருந்தாலும் ஊகம்தான். மாதிரி நொடிக்கு இரண்டு முறை ஆடும் என்று சொல்லும் கோபுரம் நிஜத்தில் எத்தனை முறை ஆடுகிறது என்று அளந்து, இரண்டும் ஒத்துப்போகும்வரை மாதிரியைத் திருத்த வேண்டும். அளவீடு இல்லாத மாதிரி வெறும் அபிப்பிராயம்.

காளஹஸ்தியும் பவியாவும்

வேலூரிலிருந்து வடகிழக்கே சில மணி நேரப் பயணத்தில் ஸ்ரீகாளஹஸ்தி. அங்கே கிருஷ்ணதேவராயர் 1516இல் கட்டிய ஏழுநிலை ராஜகோபுரம் 2010 மே 26 மாலை இடிந்து விழுந்தது. விரிசல் பெரிதாவதைக் கண்டு சுற்றிலும் இருந்தவர்களை முன்னதாகவே அப்புறப்படுத்தியிருந்தார்கள். ஐந்நூறு ஆண்டு நின்ற கோபுரம் சில நொடிகளில் மண்மேடானது. 2023 ஆகஸ்ட் 5 அதிகாலை ஸ்ரீரங்கத்தில் கிழக்குக் கோபுரத்தின் கீழ்நிலைப் பகுதி ஒன்று பெயர்ந்து விழுந்தது. யாருக்கும் காயமில்லை.

இவ்வளவு காலம் நின்றது இனி என்ன ஆகப்போகிறது என்பது நம்மிடம் பரவலாக இருக்கும் நம்பிக்கை. அதை உடைத்த நகரம் இத்தாலியின் பவியா. 1989 மார்ச் 17 காலை, அங்கே நகரத்தின் நடுவில் இருந்த இடைக்காலக் கோபுரம் எந்த நிலநடுக்கமும் புயலும் இல்லாமல் சரிந்தது. 4 பேர் இறந்தார்கள். மிலான் பல்தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இடிபாட்டுத் துண்டுகளை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பல மாதங்கள் அமுக்கிப் பார்த்தார்கள். உடனே உடைக்கப் போதாத சுமையும், மாறாமல் நீண்ட காலம் அழுத்தினால் உள்ளுக்குள் நுண்விரிசல்களை வளர்த்துக்கொண்டே போகிறது என்று தெரிந்தது. நூற்றாண்டுகள் மெல்ல, கடைசியில் விரைவாக.

நம் கோபுரங்களுக்கும் அந்தக் கோபுரத்துக்கும் உடற்கட்டில் ஓர் ஒற்றுமை உண்டு. பருத்த பழஞ்சுவர்கள் பெரும்பாலும் முழுக்கல் அல்ல. வெளியே ஒரு நல்ல கட்டு, உள்ளே ஒரு கட்டு, நடுவில் சல்லியும் சுண்ணாம்பும் மண்ணும். மேலிருந்து எடை இறங்கும்போது நடுநிரப்பு, ஏற்றிய அரிசி மூட்டையைப் போல இடுப்பில் பிதுங்கப் பார்க்கிறது. வெளிக்கட்டு மெல்ல வயிறு தள்ளுகிறது. மழைநீர் உள்ளே இறங்கிச் சுண்ணாம்பைக் கரைத்தால் பிதுக்கம் கூடும். சந்துகளில் வேர்விட்ட அரசங்கன்று உள்ளே போகும் தண்ணீருக்கு வழிகாட்டும். செங்குத்தான விரிசல் வந்து, அது மேலும் கீழும் நீண்டால் சுவர் தன் அடுக்குகளைப் பிரித்துக்கொள்கிறது என்று பொருள். எந்த ஒரு நாளின் புகைப்படமும் இதைச் சொல்லாது. வருடங்களின் வரிசைதான் சொல்லும்.

விரிசலுக்கு ஒரு நாட்குறிப்பு

வரிசையை எப்படி உண்டாக்குவது? மிக எளிய கருவி உள்ளங்கையில் அடங்கும். ஒளி ஊடுருவும் இரண்டு பிளாஸ்டிக் தகடுகள். ஒன்றை விரிசலின் இடப்பக்கக் கல்லில் ஒட்ட வேண்டும், இன்னொன்றை வலப்பக்கக் கல்லில். இரண்டும் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். கீழ்த்தகட்டில் மில்லிமீட்டர் கட்டங்கள், மேல்தகட்டில் சிவப்புக் கோட்டுச் சிலுவை. ஒட்டிய அன்று சிலுவை பூஜ்யத்தில் நிற்கும். விரிசல் திறந்தால் வலப்பக்கம் நகரும், ஒரு கல் இறங்கினால் கீழே நகரும். மாதம் ஒருமுறை பார்த்து, தேதி, நேரம், வெயிலா மழையா என்று சேர்த்து எழுத வேண்டும். தகடு கிடைக்காத காலத்தில் கண்ணாடிச் சில்லையோ சுண்ணாம்புப் பூச்சையோ விரிசலுக்குக் குறுக்கே ஒட்டிவைப்பார்கள். உடைந்தால் அசைந்தது என்று தெரியும். எவ்வளவு என்று தெரியாது.

முதல் சில மாதங்களில் எண்கள் பயமுறுத்தும், ஏனெனில் கல் மூச்சு விடுகிறது. கருங்கல் ஒரு டிகிரி வெப்பத்துக்கு மீட்டருக்கு 0.008 மில்லிமீட்டர் நீளும். சின்ன எண்தான். ஆனால் 30 மீட்டர் நீளச் சுவர் முழுவதும் 20 டிகிரி சூடேறினால் நீட்சி கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர். வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்; கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே வழக்கம். ஆகவே மே மாதம் மூடிக்கொண்ட விரிசல் தை மாதம் திறப்பது நோயல்ல. ஃபிளாரன்ஸ் நகரின் புகழ்பெற்ற பேராலய மாடத்தில் 1955 முதல் விரிசல்களை அளக்கிறார்கள். 1980களின் இறுதியில் தானியங்கிக் கருவிகளும் சேர்ந்தன. அங்கேயும் குளிர்காலத்தில் திறப்பதும் கோடையில் மூடுவதுமாக இருக்கிறது. திறப்பதும் மூடுவதும் கழிந்தபின் வருடத்துக்கு வருடம் எஞ்சும் சிறு வளர்ச்சிதான் செய்தி. அது தெரியக் குறைந்தது சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத உள்காயத்துக்கு வேறு வழி. ஒவ்வொரு கோபுரத்துக்கும் சொந்த ஆட்டம் ஒன்று உண்டு. காற்றும் தெருப் போக்குவரத்தும் எப்போதும் அதை நுணுக்கமாக அசைத்துக்கொண்டிருக்கின்றன. மேல்நிலையில் முடுக்கமானிகளை வைத்தால், நொடிக்கு எத்தனை ஆட்டம் என்று கிடைக்கும். உயர்ந்த கோபுரங்களுக்கு இது நொடிக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில் இருக்கும். விறைப்பு 10 சதவீதம் குறைந்தால் ஆட்டத்தின் வேகம் 5 சதவீதம் குறையும். வெப்பமும் இதைச் சில சதவீதம் மாற்றும் என்பதால், இங்கேயும் ஒரு முழு வருடப் பதிவு இல்லாமல் பேச முடியாது. நிலநடுக்கத்துக்கு முன் பதிவு இருந்தால், மறுநாள் காலை அரை மணி நேரத்தில் ஒப்பிட்டுவிடலாம்.

வடிவத்தைப் பதிய லேசர் ஸ்கேனர் இருக்கிறது. பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தை ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாசிரியர் ஸ்கேன் செய்து நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளாகச் சேமித்து வைத்திருந்தார். 2019 ஏப்ரல் 15 தீ விபத்துக்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். அவருடைய புள்ளிகள் மீட்புக் குழுவுக்குக் கைகொடுத்தன. விண்ணிலிருந்தும் அளக்கலாம். ரேடார் செயற்கைக்கோள் ஒரே இடத்தை மறுபடி மறுபடி பார்க்கும்போது, எதிரொலிக்கும் அலையின் கட்ட வித்தியாசத்தை வைத்து வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் அளவுக்கு நிலம் இறங்குவதைக் கண்டுபிடிக்க முடிகிறது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ ஏவிய நிசார், நாசாவுடன் சேர்ந்து செய்த அப்படிப்பட்ட ரேடார் செயற்கைக்கோள்.

உப்பு

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் கல்லைப் பற்றி எழுதும்போது தோலைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு தடவுகிறார்கள். தோல் பதனிடும் ஆலையில் ஊறவைக்கும்போது அந்த உப்பெல்லாம் தண்ணீரோடு வெளியேறுகிறது. அடுத்தடுத்த கட்டங்களில் சல்பேட்டுகளும் குரோமியமும் சேர்கின்றன. பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டதுதான், தோல் ஆலைக் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின் பின்னணி. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே பிரச்சினையைப் பேச வேண்டியிருந்தது. விவாதமெல்லாம் குடிநீரையும் பயிரையும் பற்றியது, அது சரியும்கூட. ஆனால் உப்புநீர் கட்டடத்தையும் அரிக்கும் என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

செங்கல்லும் சுண்ணாம்பும் துளையுள்ள கல்லும் நிலத்தடி நீரைத் திரிபோல் மேலே இழுக்கின்றன. சுவரின் முகப்பில் நீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது. துளைகளுக்குள் உப்பு படிகமாக வளரும்போது சுவரை உள்ளிருந்து நெம்புகிறது. சோடியம் சல்பேட் இதில் மோசமானது. தண்ணீரை ஏற்றுப் படிக வடிவம் மாறும்போது அதன் கனஅளவு மூன்று மடங்குக்கும் மேல் ஆகும். மழை, வெயில் என்று மாறிமாறி வரும் ஊரில் இது ஒவ்வொரு ஆண்டும் திரும்ப நடக்கும். காரை பொரிவதும், சுதை உதிர்வதும், கல்லின் தோல் ஏடாக உரிவதும் இதன் அடையாளம். கடல் உப்பால் இதே தொல்லைக்கு ஆளான மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில், தொல்லியல் துறையினர் நனைந்த காகிதக் கூழைக் கல்மேல் அப்பி, காயும்போது உப்பை வெளியே உறிஞ்ச வைத்துப் பெயர்த்தெடுக்கிறார்கள். அகற்றிய கூழில் எவ்வளவு உப்பு என்று சோதித்தால் எத்தனை முறை அப்ப வேண்டும் என்று தெரியும்.

பாலாற்றுப் படுகையில் இருக்கும் எந்தப் பழங்கட்டடத்துக்கும் விரிசல் அளவோடு, அடித்தளத்து நீரின் மின்கடத்துத் திறனையும் பதிய வேண்டும். நீரில் உப்பு ஏறினால் அந்த எண் ஏறும். கருவிக்கோ ஆளுக்கோ இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. ஏற்றுமதியாகும் தோலில் அறுமதிப்புக் குரோமியம் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. அவ்வளவு நுணுக்கமாக அளக்கத் தெரிந்த தொழில் வட்டாரம் இது.

எங்கே தொடங்குவது

கண்காணிப்பு வெறும் பதிவாக நின்றுவிட வேண்டியதில்லை. சிகிச்சையை வழிநடத்தவும் செய்யும். பைசாவின் சாய்ந்த கோபுரம் அதற்குச் சான்று. பவியா விபத்துக்குப் பின் 1990 ஜனவரியில் அதை மூடினார்கள். பழைய அளவீடுகளைப் புரட்டிய ஆங்கிலேய மண்ணியக்கவியல் வல்லுநர் ஜான் பர்லண்டும் குழுவினரும், ஒவ்வொரு மழைக்காலத்திலும் வடபக்கம் நிலத்தடி நீர் சற்று அதிகம் ஏறி, கோபுரத்தைத் தெற்கே ஒரு துளி சாய்த்துவிடுவதைக் கண்டார்கள். 1995இல் ஒரு சீரமைப்பு முயற்சியின்போது கோபுரம் திடீரென நகர, கருவிகள் உடனே காட்டிக்கொடுத்ததால் வேலையை நிறுத்த முடிந்தது. பிறகு 1999 முதல் 2001 வரை வடபக்க அடிமண்ணைச் சிறிது சிறிதாக உறிஞ்சி எடுத்தார்கள். அன்றன்றைய அளவீடு பார்த்தே அடுத்த நாளைய அளவு முடிவானது. உச்சி ஏறக்குறைய 44 சென்டிமீட்டர் நிமிர்ந்தது. வடிகால் அமைத்து நீர்மட்டத்தையும் கட்டுப்படுத்தினார்கள்.

நம்மிடம் இதற்கு ஏற்ற ஒரு மரபு ஏற்கனவே இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு. அதற்கு முன் சாரம் கட்டி, கோபுரத்தின் ஒவ்வொரு நிலையையும் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கும் வாய்ப்பு. இவ்வளவு ஒழுங்கான கால இடைவெளியில் கட்டடத்தை நெருங்கிப் பார்க்கும் ஏற்பாடு பல நாடுகளில் கிடையாது. வேலூர்க் கோயிலில் நெடுங்காலம் வழிபாடே இல்லாமல் இருந்து, 1981இல்தான் லிங்கம் மீண்டும் பிரதிஷ்டையானது. அதன்பின் இந்தச் சுழற்சி அங்கும் திரும்பியது. குறை என்னவென்றால், சாரம் ஏறியவுடன் விரிசலைப் பூசி வண்ணம் அடித்துவிடுகிறோம். சுதைக்குப் புதுப்பொலிவு வருகிறது; பன்னிரண்டு ஆண்டுக் கதை அந்தப் பூச்சுக்கடியில் போய்விடுகிறது.

பூசுவதற்கு முன் மூன்று வேலைகள் செய்தால் போதும். ஒவ்வொரு விரிசலுக்கும் எண்ணிட்டு, நீளம், அகலம், திசை மூன்றையும் அளந்து படம் எடுப்பது. அதே இடத்தில், அதே கோணத்தில் எடுத்த போன குடமுழுக்கின் படத்தோடு ஒப்பிடுவது. வளர்ந்தவற்றுக்கு மட்டும் அளவுத் தகடு ஒட்டி, மாதாந்திரப் பதிவேட்டை உள்ளூரில் பொறுப்பான ஒருவரிடம் ஒப்படைப்பது. கோட்டைக்கு இதோடு அகழி நீர்மட்டமும் மதிலுக்குப் பின்னால் நிற்கும் நீர்மட்டமும் சேரும். லேசரும் செயற்கைக்கோளும் நிதி வரும்போது வரட்டும். இந்தப் பதிவேட்டுக்கு நோட்டுப் புத்தகமும், விட்ட இடத்தில் தொடர்ந்து எழுதும் ஆளும் போதும். இரண்டு திருப்பணிகளுக்கு இடையே ஒருவர் ஓய்வுபெற்று இன்னொருவர் வந்தாலும் பதிவேடு கைமாற வேண்டும், ஏனெனில் பன்னிரண்டு ஆண்டில் நகரும் கல்லை எந்தத் தனி மனிதரின் நினைவும் பிடித்து வைக்காது.